லூசிண்டா வில்லியம்ஸின் கச்சேரிப் பதிவு ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அமெரிக்கப் பாடகி லூசிண்டா வில்லியம்ஸின் ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு’ ஆல்பத்தை ஒரு வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். அந்த ருசியில் அவருடைய மேடைப் பதிவான ‘லைவ் அட் த ஃபில்மோர்’ வாங்கினீர்கள். முதல் பாட்டிலேயே மனம் சோர்ந்துவிட்டது. எல்லாம் மெதுவாகப் போகிறது, குரல் கரகரக்கிறது, வார்த்தைகள் இழுபடுகின்றன. கச்சேரிப் பதிவு என்றாலே ஸ்டூடியோ பாட்டோடு கைதட்டலைச் சேர்ப்பதுதானா, அதெல்லாம் உண்மையிலேயே மேடையில் பாடியதா, பிறகு ஒட்டுப்போட்டதா, இந்த ரூட்ஸ் ராக் பாடகிகளில் வேறு யாருடைய மேடைப் பதிவைக் கேட்கலாம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றுதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. சுத்தமான பிரதி கையில் இருக்கும்போது கசங்கிய பிரதியை எதற்காகக் கேட்க வேண்டும்?

நான் பத்தொன்பது வருடமாக மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி கலக்கும் மிக்ஸரில் உட்காருபவன். அதில் பெரும்பகுதி டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில், நூற்றைம்பது பேர் நின்றால் மூச்சுமுட்டும் சின்ன கிளப்களில். அதனால் மேடையில் என்ன நடக்கிறது, அது பதிவாகும்போது என்ன ஆகிறது என்பதைக் கைப்பழக்கத்திலிருந்து சொல்ல முடியும். ஸ்டூடியோ வேலை என் தொழில் இல்லை. கீழே வரும் பெயர்களும் என் காதுக்குப் பழகியவை மட்டுமே; முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரூட்ஸ் ராக் என்று நான் சொல்வது பிளூஸ், கன்ட்ரி, காஸ்பெல் என்கிற தேவாலயப் பாட்டு, நாட்டார் பாட்டு ஆகியவற்றின் மண் இன்னும் வேரில் ஒட்டியிருக்கிற ராக் இசையை. எல்லைக்கோடு எங்கே என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

முதலில் உங்கள் ஏமாற்றம். அதற்குப் பாதிக் காரணம் மிகச் சாதாரணமானது: நீங்கள் தேடிப்போன பாட்டுகள் அந்த இசைத்தட்டில் இல்லை. ‘கார் வீல்ஸ்’ 1998இல் வந்தது. ஃபில்மோர் பதிவு 2003 நவம்பரில், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் மூன்று இரவுகளில் எடுக்கப்பட்டு 2005இல் இரட்டை ஆல்பமாக வெளியானது. நடுவில் அவர் ‘எசென்ஸ்’ (2001), ‘வேர்ல்ட் வித்அவுட் டியர்ஸ்’ (2003) என்று இரண்டு ஆல்பங்கள் செய்துவிட்டார். ஃபில்மோரின் 22 பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டிலிருந்து வந்தவை. உங்கள் பிரியமான ஆல்பத்திலிருந்து ‘ஐ லாஸ்ட் இட்’, ‘ஜாய்’ இரண்டுதான். ஐந்து வருடம் தள்ளிப்போய்விட்ட ஒருவர் வீட்டுக்குப் பழைய முகவரியை வைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

மீதிப் பாதி அந்த வேகம். அல்லது வேகமின்மை. இதை மிக்ஸர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வேகமாக வாசிப்பது மேடையில் எளிது. ஒரு பிழை காதில் ஏறுவதற்குள் அடுத்த அடி வந்து அதை மூடிவிடும். மெதுவாக வாசிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் நடுவே வெட்டவெளி. அந்த இடத்தில் பேஸ்காரர் அரைக் கணம் முந்தினாலும் தெரியும், டிரம்ஸ்காரர் பொறுமை இழந்தாலும் தெரியும். கூட்டம் நிறைந்த அரங்கில் குழுவுக்கு ரத்தம் சூடேறும். தானாகவே வேகம் கூடும். அதை எதிர்த்து நிற்கச் சொல்ல ஒரு தலைவர் வேண்டும். ஃபில்மோரில் டக் பெட்டிபோன் கிட்டார், டாரஸ் ப்ரோடானியூக் பேஸ், ஜிம் கிறிஸ்டி டிரம்ஸ். ‘வேர்ல்ட் வித்அவுட் டியர்ஸ்’ ஆல்பத்தையும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பழைய மாளிகையில் இவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து வாசித்தே பெரும்பாலும் பதிந்தார். ஆகவே நான்கு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்தவர்கள். அந்த மூன்று இரவுகளில் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பது பாடகி. கிறிஸ்டி அவருக்குப் பின்னால் நடக்கிறார். கூட்டம் குதிக்கத் தயாராக நிற்கும்போது ‘வென்ச்சுரா’ மாதிரி ஒரு நிதானமான பாட்டை முதலில் வைக்கத் துணிச்சல் வேண்டும். உங்களுக்கு அலுப்பாகப் பட்ட அந்த இடம் எனக்கு அந்த ஆல்பத்தின் உயிர்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டால் இது புரியும். ‘கார் வீல்ஸ்’ உருவாக ஆறு வருடத்துக்கு நெருக்கமாக ஆனது. முதலில் ஆஸ்டினில், அவரோடு பல வருடம் வாசித்த கர்ஃப் மார்லிக்ஸைத் தயாரிப்பாளராக வைத்துப் பதிந்தார். அது பிடிக்காமல், நாஷ்வில்லில் ஸ்டீவ் எர்ல், ரே கென்னடி இருவரோடு மறுபடி பதிந்தார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் ராய் பிட்டனோடு முடித்தார். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் அவரைத் திருப்தியே வராத பிடிவாதக்காரி என்று எழுதின. ஓர் ஆண் இதையே செய்திருந்தால் தவம் என்று எழுதியிருப்பார்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அந்த ஆல்பம் வெளியான அதே கோடையில், பிலடெல்பியாவில் ஆற்றங்கரைத் திறந்த மேடையில் அவர் பாடியதை டபிள்யூ.எக்ஸ்.பி.என். வானொலி ஒலிபரப்பியது. 2006இல் ‘கார் வீல்ஸ்’ இரட்டைத் தட்டாக மறுபடி வந்தபோது அந்தக் கச்சேரிதான் இரண்டாவது தட்டு. நீங்கள் வாங்கியிருக்க வேண்டியது அது. ஆறு வருடம் இழைத்து இழைத்துச் செய்த பாட்டுகளை ஒரே மாலையில், கென்னி வான், போ ராம்சி என்று இரண்டு கிட்டார்களோடு, கை நடுங்காமல் எடுத்து வைக்கிறார்.

இன்னும் பின்னால் போகலாம். 1988இல் ‘லூசிண்டா வில்லியம்ஸ்’ என்ற பெயரிலேயே வந்த ஆல்பத்தை அமெரிக்கப் பெரிய நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சலஸ்காரர்களுக்கு அதில் கன்ட்ரி அதிகம், நாஷ்வில்காரர்களுக்கு ராக் அதிகம். கடைசியில் ரஃப் டிரேட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வெளியிட்டது. 2014இல் அது மறுபதிப்பாக வந்தபோது, 1989 மே மாதம் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் அவர் செய்த கச்சேரியைச் சேர்த்தார்கள். இப்போது உங்கள் கையில் ஒரே பாடகியின் மூன்று மேடைகள்: 1989, 1998, 2003. மூன்றிலும் ‘சேஞ்ச்ட் த லாக்ஸ்’ இருக்கிறது. விட்டுப்போன காதலன் உள்ளே வரக்கூடாது என்று வீட்டுப் பூட்டை மாற்றியவள் பாடும் பாட்டு. டாம் பெட்டியும் 1996இல் இதைப் பாடியிருக்கிறார். ஐந்தோவனில் பூட்டை மாற்றிவிட்டு வேகமாக நடந்து போகிற ஒரு பெண். ஃபில்மோரில் அதே பெண், ஐம்பது வயதில், கதவுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுதிய வரிகள் அவையே, பாட்டுக்கு வயதாகியிருக்கிறது. ஸ்டூடியோ ஆல்பம் ஒரு பாட்டின் ஒரே ஒரு நாளைத்தான் வைத்திருக்கும். கசங்கிய பிரதியை எதற்குக் கேட்க வேண்டும் என்பதற்கு என் பதில் இதுதான். 2020 நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு கிட்டார் வாசிக்க முடியவில்லை, ஆனாலும் மேடைக்குத் திரும்பி வந்து பாடினார். அவருடைய கிட்டாரின் அந்தப் பிடிவாதமான அடி இனி இந்தப் பழைய பதிவுகளில்தான் இருக்கிறது.

அடுத்தது, இதெல்லாம் உண்மையிலேயே மேடையில் நடந்ததா என்ற சந்தேகம். சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. இந்த இசையின் மிகப் புகழ்பெற்ற ‘மேடை’ ஆல்பங்களில் ஒன்றான, ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் பிக் பிரதர் குழுவோடு பாடிய ‘சீப் த்ரில்ஸ்’ (1968), பெரும்பாலும் ஸ்டூடியோவில் எடுத்தது. கூட்டத்தின் இரைச்சலைப் பின்னால் சேர்த்தார்கள். கடைசிப் பாட்டான ‘பால் அண்ட் செயின்’ ஒன்றுதான் சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் பாடியது. இது ஆவணத்தில் இருக்கிற செய்தி, வதந்தி கிடையாது. அதே கோடையில் அவர்கள் கரோசல் பால்ரூமில் வாசித்ததை ஔஸ்லி ஸ்டான்லி என்ற ஒலிக்காரர் பதிந்து வைத்திருந்தார். 2012இல் அது வெளியானது. சாதாரண ஸ்டீரியோ மாதிரி இருக்காது. குரல் ஒரு பக்கம், கிட்டார்கள் மறுபக்கம் என்று பிரித்து வைத்திருப்பார். இரண்டு ஸ்பீக்கரையும் ஒட்டி வைத்துக் கேளுங்கள் என்பது அவருடைய யோசனை. செய்து பாருங்கள், அறை ஒன்றாகச் சேர்ந்துவிடும். ‘சீப் த்ரில்ஸ்’ நல்ல ஆல்பம். ஆனால் ஜாப்ளின் மேடையில் எப்படி இருந்தார் என்று தெரிய வேண்டுமானால் கரோசல்தான்.

ஒரு மேடைப் பதிவு எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பல குழப்பங்கள் தீரும். சின்ன கிளப்பில் டிரம்ஸுக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கும் பெரிய ஸ்பீக்கரே வேண்டாம், அறை அவற்றாலேயே நிறைந்துவிடும். அதனால் மிக்ஸரில் நான் குரலை மட்டும் தூக்கிக் கொடுப்பேன். அந்த மிக்ஸரிலிருந்து நேராக இழுத்த பதிவை வீட்டில் போட்டுக் கேட்டால் குரல் முகத்துக்கு நேரே, டிரம்ஸ் பக்கத்து வீட்டில். இணையத்தில் சுற்றுகிற ‘சவுண்ட்போர்டு’ பதிவுகள் பல வறட்சியாக இருப்பதற்குக் காரணம் இது. பாடகியின் குற்றம் அதில் ஒன்றுமில்லை. ரசிகர்கள் கூட்டத்தில் நின்று மைக் பிடித்து எடுத்த பதிவில் அறை முழுக்க இருக்கும், வார்த்தை இருக்காது. அதிகாரபூர்வ ஆல்பத்துக்கு ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, கூட்டத்துக்கென்று தனி மைக்குகள் தொங்கவிட்டு, பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து கலப்பார்கள். ஒட்டுப்போட வசதி அங்கேதான் வருகிறது.

ஆனால் ஒட்டுப்போடுவது நினைப்பது போல எளிதில்லை. பாடகியின் மைக்குக்குள் அவர் குரல் மட்டும் போவதில்லை. பின்னால் இருக்கும் டிரம்ஸும், பக்கத்துக் கிட்டாரும் சேர்ந்தே நுழையும். நாங்கள் இதை ‘ப்ளீட்’ என்போம். குரலை மாற்றிப் பாடி ஒட்டினால் அந்தக் கசிவும் சேர்ந்து மறைந்துபோகும், திடீரென்று டிரம்ஸின் நிறம் மாறும். ஒரு வரியில் மட்டும் பின்னணி துடைத்துவிட்டது போல ஆனால் சந்தேகப்படலாம். பாடகி மைக்கை விட்டுத் தலையைத் திருப்பும்போது குரல் மெலிவது, மூச்சு வாங்கும் இடம் ஒழுங்கில்லாமல் விழுவது, இவை மேடையின் அடையாளங்கள். இத்தனையும் குறிப்புகள்தான், சாட்சியம் ஆகாது. திறமையான ஒருவர் செய்த ஒட்டைக் காதால் மட்டும் கண்டுபிடிக்க என்னால் முடியாது. முடியும் என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். தலைமுறை வேறுபாடும் உண்டு. எழுபதுகளில் மேடையில் பாடியவர்களுக்குத் தங்கள் குரலே சரியாகக் கேட்காது. கால்மாட்டில் இருக்கிற ஸ்பீக்கரோடு போராடிக் கத்துவார்கள். இன்று பலர் காதுக்குள் பொருத்திக்கொள்கிறார்கள், சுருதி பிசகுவது குறைந்துவிட்டது. பழைய பதிவில் சுருதி கொஞ்சம் வழுக்கினால் அந்தக் கால மேடையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதும் ஒட்டுவதும் ஏமாற்றுவதற்காக மட்டும் நடப்பதில்லை. அதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற காஸ்பெல் குடும்பக் குழு. 1965 மார்ச்சில் அலபாமா மாநிலத்தில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்குக் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான நடைப்பயணம் நடந்தது. இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 9 அன்று, சிகாகோவில் நியூ நசரேத் தேவாலயத்தில் பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் தன் பிள்ளைகளோடு பாடினார். அந்த நடைப்பயணத்துக்காகவே அவர் எழுதிய புதிய பாட்டு ‘ஃப்ரீடம் ஹைவே’. அவர் மகள் மேவிஸுக்கு அப்போது 25 வயது. தட்டில் அடங்க வேண்டுமே என்று அன்றைய ஆல்பத்தில் நிறைய வெட்டினார்கள். 2015இல்தான் அந்த ஆராதனை முழுவதும், பிரசங்கமும் காணிக்கை எடுக்கும் நேரமும் உட்பட, வெளியானது. இரண்டையும் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காணிக்கைப் பேச்சை வெட்டியபோது பாட்டு ஏன் அங்கே பாடப்பட்டது என்பதும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது. பாப்ஸின் கிட்டாரில் ‘ட்ரெமலோ’ என்று ஒரு நடுக்கம், வெயிலில் தார்ச்சாலை அலைவது மாதிரி. இது காஸ்பெல் ஆயிற்றே, ராக் எங்கே என்று கேட்பீர்கள். அந்த நடுக்கத்தைக் கேட்ட பிறகு கேளுங்கள்.

இதற்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 2008 ஜூன் மாதம், அதே சிகாகோவில், ஹைட்அவுட் என்கிற மிகச் சின்ன கிளப்பில் மேவிஸ் ஸ்டேபிள்ஸ் பாடினார். அப்பா இறந்து ஏழரை வருடம் ஆகியிருந்தது. அக்கா இவோன் பின்குரல் பாடுகிறார். ரிக் ஹோம்ஸ்ட்ராம் ஒரே ஒரு கிட்டாரில், பாப்ஸை நகலெடுக்காமல் அந்த நடுக்கத்தின் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு வாசிக்கிறார். ‘ஃப்ரீடம் ஹைவே’ அங்கேயும் வருகிறது. பாடுபவருக்கு 68 வயது. 25 வயதில் குரல் முன்னால் பாய்ந்தது. இப்போது அது கீழிறங்கி, மண் தட்டி, ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி வைக்கிறது. ‘லைவ்: ஹோப் அட் த ஹைட்அவுட்’ என்ற அந்த ஆல்பம் 2008 நவம்பர் 4ஆம் தேதி, ஒபாமா தேர்ந்தெடுக்கப்பட்ட அதே நாளில் வெளிவந்தது. 43 வருட இடைவெளியில் ஒரே ஊரில் ஒரே பாட்டு. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு மேடைப் பதிவு தேவையா என்று கேட்க எனக்கு வாய் வராது. சின்ன கிளப்பில் மிக்ஸிங் செய்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தப் பதிவில் அறையின் அளவு கேட்கிறது. கைதட்டல் தூரத்திலிருந்து வரவில்லை, பாடகியின் மடியில் விழுகிறது.

அறை என்றதும் கன்ட்ரி பாடகி எமிலூ ஹாரிஸின் ‘அட் த ரைமன்’ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாஷ்வில்லின் ரைமன் அரங்கம் 1892இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டப்பட்டது. ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சி நெடுங்காலம் அங்கேதான் நடந்தது; 1974இல் அவர்கள் புதுக் கட்டடத்துக்குப் போனதும் ரைமன் பாழாய்க் கிடந்தது. 1991இல் ஏப்ரல் கடைசி நாளும் மே முதல் இரண்டு நாட்களும் ஹாரிஸ் அங்கே பாடினார். கட்டடம் பலவீனம் என்பதால் பால்கனியிலோ அதன் அடியிலோ யாரும் உட்காரக் கூடாது. சுமார் இருநூறு பேரை மட்டும் அனுமதித்தார்கள். பெரிய மரக்கூடத்தில் கொஞ்சம் பேர். ஒலிக்காரனின் கனவு அது. மனித உடம்பு ஓசையை உறிஞ்சும். ஆள் குறைந்தால் மரம் பேசும். அந்த ஆல்பத்தில் மாண்டலினுக்குப் பின்னால் கேட்பது அந்த மரம்தான்.

அவர் அங்கே தன் பழைய வெற்றிப் பாடல்களைப் பாடவில்லை. அதுவரை தன்னோடு இருந்த மின்கிட்டார்க் குழுவை விட்டுவிட்டு, சாம் புஷ், ராய் ஹஸ்கி ஜூனியர், அல் பெர்கின்ஸ், ஜான் ராண்டல், லாரி அட்டமானுக் என்ற ஐவரோடு வந்தார். பில் மன்ரோ, ஸ்டீவன் ஃபாஸ்டர், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டீவ் எர்ல், கிரீடன்ஸ் குழுவின் ‘லோடை’ என்று நூறு வருடத்துக்கும் மேலான அமெரிக்கப் பாட்டை ஒரே மேடையில் கோத்தார். ரூட்ஸ் ராக்குக்கு யாராவது விளக்கம் கேட்டால் இந்த ஆல்பத்தின் பாட்டு வரிசையைக் காட்டிவிடலாம். அந்தப் பதிவு எழுப்பிய கவனம் கட்டடத்தைக் காப்பாற்றவும் உதவியது. புதுப்பிக்கப்பட்டு 1994இல் ரைமன் திறந்தது. அதே குழுவோடு ரைமன் பதிவுக்கு முந்தைய வருடம், 1990 செப்டம்பரில், நாஷ்வில்லில் அவர் செய்த இன்னொரு கச்சேரியின் நாடாக்கள் யாருக்கும் நினைவில்லாமல் கிடந்து 2021இல் வெளிவந்தன. அவருடைய பழைய பாட்டுகள் வேண்டுமென்றால் அந்த ‘ராம்பிள் இன் மியூசிக் சிட்டி’. அவருடைய ‘ரெக்கிங் பால்’ ஆல்பத்தின் காலத்து இருண்ட ஓசை பிடிக்குமென்றால் பட்டி மில்லர் கிட்டார் வாசிக்கும் ‘ஸ்பைபாய்’ (1998).

இப்போது என்னை நெடுநாள் உறுத்துகிற ஒன்று. பானி ரெய்ட்டின் முதல் ஆல்பம் 1971இல் வந்தது. மினசோட்டாவில் ஏரி நடுவே ஒரு காலி முகாமில், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, நாலே தடத்தில் பதிந்தார்கள். மேடையிலேயே வளர்ந்த பெண். கம்பிகள் மேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டாரில் அவருக்கு நிகராக ஆணும் பெண்ணுமாகச் சிலரைத்தான் சொல்ல முடியும். அவருடைய முதல் மேடை ஆல்பம் ‘ரோட் டெஸ்டட்’ வந்தது 1995இல், 24 வருடம் கழித்து. எழுபதுகளில் பெரிய அரங்குகளை நிறைத்த லிண்டா ரான்ஸ்டட்டின் முதல் மேடை ஆல்பம் ‘லைவ் இன் ஹாலிவுட்’ 2019இல்தான் வெளியானது. 1980 ஏப்ரலில் எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காகப் பாடியது அது. வெளிவந்தபோது நோயால் அவர் பாட முடியாமல் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அதே எழுபதுகளில் ஆண்களின் இரட்டை மேடை ஆல்பங்கள் கடைகளில் குவிந்துகிடந்தன. இந்தத் தேதிகள் உறுதியானவை. ஏன் அப்படி என்பதற்கு நான் சொல்வது ஊகம் மட்டுமே: நிறுவனங்கள் பாடகியைக் குரலாகப் பார்த்தன, குழுவை நடத்துகிறவராகப் பார்க்கவில்லை. மேடை ஆல்பம் என்பது குழுவை யார் நடத்துகிறார் என்று காட்டிவிடும் வடிவம். என் ஊகத்துக்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. எமிலூ ஹாரிஸ் 1982இலேயே ‘லாஸ்ட் டேட்’ என்று ஒரு மேடை ஆல்பம் கொண்டுவந்தார்.

‘ரோட் டெஸ்டட்’டில் ரெய்ட் செய்ததைப் பாருங்கள். கிடைத்த அந்த மேடையில் பழைய பிளூஸ் பாடகி ரூத் பிரவுனையும், பியானோ வாசிக்கும் சார்ல்ஸ் பிரவுனையும் தன் பக்கத்தில் நிறுத்தினார். ரூத் பிரவுன் தன் பழைய தட்டுகளுக்குரிய ராயல்டிக்காக வருடக்கணக்கில் போராடியவர். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1988இல் தோன்றிய ரிதம் அண்ட் புளூஸ் ஃபவுண்டேஷனைத் தொடங்கியவர்களில் ரெய்ட்டும் ஒருவர். அதனால் அந்தப் பாட்டில் கேட்பது விருந்தாளிக்கு உபசாரம் இல்லை, கடன் தீர்ப்பது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். சூசன் டெடெஸ்கியும் கணவர் டெரெக் டிரக்ஸும் நடத்தும் டெடெஸ்கி டிரக்ஸ் பேண்டின் ‘லைவ் ஃப்ரம் த ஃபாக்ஸ் ஓக்லண்ட்’ (2017) பெரிய குழுவை எப்படி ஒருவரையொருவர் மிதிக்காமல் வாசிக்க வைப்பது என்பதற்குப் பாடம். அதே குழு 2019இல் வர்ஜீனியாவில் ஒரு விழாவில் எரிக் கிளாப்டன் குழுவின் ‘லைலா’ ஆல்பத்தை முழுவதுமாக வாசித்து 2021இல் வெளியிட்டது. மூல ‘லைலா’ வெளியான 1970 நவம்பர் 9தான் டெடெஸ்கி பிறந்த நாள். ஆண்கள் ஏங்கிப் பாடிய வரிகளை அவர் வாயால் கேட்பது வேறு அனுபவம். மெலிசா எதரிட்ஜ் தன் சொந்த மாநிலமான கன்சாஸின் பெண்கள் சிறையில் பாடிய ‘ஐ’ம் நாட் புரோக்கன்’ (2024) கேளுங்கள். அந்தக் கூட்டத்தின் கூச்சலுக்கு வேறெந்தப் பதிவிலும் இணையில்லை. நான்சி கிரிஃபித் ஹூஸ்டனில் ஒரு சின்ன இடத்தில் பதிந்த ‘ஒன் ஃபேர் சம்மர் ஈவினிங்’ (1988) ராக் என்பதைவிட நாட்டார் பக்கம் சாய்ந்தது. பாட்டுக்கு முன் அவர் பேசும் பேச்சுக்காகவே வாங்கலாம்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. கைப்பேசி ஸ்பீக்கரில் வேண்டாம், சாதாரண ஹெட்போன் போதும். முதலில் பிலடெல்பியா 1998. அங்கே உங்களுக்குத் தெரிந்த பாட்டுகள் இருக்கின்றன, வழிதவறாது. பிறகு ‘சேஞ்ச்ட் த லாக்ஸ்’ மட்டும் மூன்று மேடைகளிலும், அடுத்தடுத்து. பிறகு மேவிஸின் இரண்டு ‘ஃப்ரீடம் ஹைவே’. ஃபில்மோர் பக்கம் உடனே போகாதீர்கள், ஒரு மாதம் ஆகட்டும். போகும்போது இரண்டாவது தட்டில் ‘ஜாய்’ பாட்டில் தொடங்குங்கள். ஸ்டூடியோவில் நீங்கள் மனப்பாடமாக அறிந்த பாட்டு என்பதால் பெட்டிபோன் அதை எங்கே கொண்டுபோகிறார் என்று தெரியும். அது பிடித்துவிட்டால் முதல் தட்டுக்குத் திரும்பி ‘வென்ச்சுரா’வைப் போடுங்கள். இந்த முறை பாடகியைக் கேட்காதீர்கள். ஜிம் கிறிஸ்டியின் இரண்டு அடிகளுக்கு நடுவில் இருக்கிற இடத்தைக் கேளுங்கள்.